தர்மகர்த்தாக்கள் யாருக்குப் பொறுப்பு?

ஒரு குடும்பம் தன் ஐசுவரியத்தில் ஒரு பகுதியைத் தர்மத்திற்கென்று ஒதுக்கினால் ஊரார் அதைப் புகழ்கிறார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் புகழ்ந்தவுடன் நமது கடமை தீர்ந்துவிடுவதில்லை. ஒதுக்கிய பணத்தைக் காப்பவர்கள் யார்? எந்த முறையில் காக்கிறார்கள்? யாருக்குக் கணக்குச் சொல்கிறார்கள்? இக்கேள்விகளைக் கேட்பது நன்றி கெட்டதனம் என்று சிலர் நினைக்கிறார்கள். நமது அபிப்பிராயம் அதுவல்ல. கொடுப்பது ஒரு நாள் காரியம். காப்பது தலைமுறை தலைமுறையாக நடக்க வேண்டிய காரியம். தர்மம் நிலைப்பதும் கெடுவதும் இந்த இரண்டாவது காரியத்தில்தான்.

கோயில் தர்மகர்த்தாக்களை அறிந்த தமிழ் மக்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. "சிவன் சொத்து குல நாசம்" என்று நம் முன்னோர் பயமுறுத்தி வைத்தது எதற்காக? சாமி சொத்தைத் தன் சொத்தாக நினைக்கும் சபலம், அதன் சாவியை வைத்திருப்பவனுக்கே முதலில் வரும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். அந்தப் பயம் மட்டும் போதவில்லை. அதனால்தான் 1920-களில் சென்னை மாகாணத்தில் கோயில் சொத்துக்களை மேற்பார்க்கச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று.

கோயிலுக்கு உள்ள இந்தச் சோதனை குடும்ப தர்ம ஸ்தாபனங்களுக்கும் உண்டு. சொல்லப்போனால் அதிகமாகவே உண்டு. அங்கே பணம் கொடுத்தவரும் தர்மகர்த்தாவும் ஒரே வீட்டார். தகப்பன் கொடுத்த பணத்தை மகன் காக்கிறான். அந்தப் பணம் இனித் தன்னுடையதல்ல என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. காடுகளையும் விலங்குகளையும் காப்பதற்கும், சங்கீதம், சித்திரம் முதலிய கலைகளை ஆதரிப்பதற்கும் செல்வக் குடும்பங்கள் நிதி வைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கும் இக்காலத்தில், இவ்விஷயத்தை ஆராய்வது அவசியமாகிறது. இதற்கு அமெரிக்காவின் ராக்பெல்லர் குடும்பத்தைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. தர்மகர்த்தாக்கள் எப்படி நடக்கக் கூடாது, எப்படி நடக்க வேண்டும் என்ற இரண்டு பாடங்களையும் அந்த ஒரே குடும்பத்தின் சரித்திரத்தில் படிக்கலாம்.

முதல் ராக்பெல்லர் 1870-ம் வருஷம் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியை ஸ்தாபித்தார். மண்ணெண்ணெய் வியாபாரம் முழுவதையும் தம் கைக்குள் கொண்டுவந்தார். அந்த ஏகபோகம் சட்ட விரோதமென்று 1911-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி, கம்பெனியை 34 துண்டுகளாகப் பிரித்தது. அதே சமயத்தில் அவர் ஒரு பெரிய தர்ம ஸ்தாபனத்தை ஏற்படுத்த விரும்பி அமெரிக்கக் காங்கிரஸிடம் சாசனம் கேட்டார். காங்கிரஸ் கொடுக்கவில்லை. எண்ணெய் ராஜாவின் தர்மத்தை ஜனப் பிரதிநிதிகள் நம்பவில்லை. கடைசியில் 1913-ல் நியூயார்க் ராஜ்யத்திடம் சாசனம் பெற்றுத்தான் ராக்பெல்லர் பவுண்டேஷன் பிறந்தது.

அவர்களுடைய சந்தேகம் வீணானதல்ல என்பது மறு வருஷமே தெரிந்துவிட்டது. 1914 ஏப்ரலில் கொலராடோவிலுள்ள லட்லோ என்ற இடத்தில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரித் தொழிலாளர்களின் கூடாரங்கள் தாக்கப்பட்டு எரிந்தன. 11 குழந்தைகள் உட்பட சுமார் 20 பேர் மாண்டார்கள். அந்தப் பிரதேசத்தின் பிரதான நிலக்கரிக் கம்பெனி ராக்பெல்லர்களின் ஆதிக்கத்தில் இருந்தது. மகன் ராக்பெல்லர் அதன் டைரக்டர்களில் ஒருவர். தர்ம ஸ்தாபனத்தின் தலைவரும் அவரே. லட்லோவுக்குப் பிறகு தொழிலாளர் பிரச்னையை ஆராய்வதற்கென்று ஸ்தாபனத்தின் பணத்தில் ஒரு நிபுணர் அமர்த்தப்பட்டார். பின்னாளில் கனடாவின் பிரதம மந்திரியான மெக்கன்ஸி கிங்தான் அவர். கம்பெனிக்கு வந்த கெட்ட பெயரைத் துடைக்கத் தர்மப் பணமா என்று சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷன் கேட்டது. ஒரே மனிதன் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தால் எந்த நாற்காலியிலிருந்து பேசுகிறான் என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த மகனுடைய ஐந்து புதல்வர்கள் 1940-ல் கூடி ஏற்படுத்தியதுதான் ராக்பெல்லர் சகோதரர் நிதி. மூன்றாம் ஜான், நெல்ஸன், லாரன்ஸ், வின்த்ராப், டேவிட் என்பவர்கள் அந்த ஐவர். 1951-ல் தகப்பனார் சுமார் 5 கோடி 80 லட்சம் டாலரை அதற்கு மூலதனமாக அளித்தார். 1960-ல் அவர் காலமான பின் உயில் மூலமும் பெருந்தொகை வந்தது. ஆரம்பத்தில் நிர்வாக சபை என்பது சகோதரர்கள் ஐவரும் கூடிப் பேசும் கூடம்தான்.

இக்குடும்பத்தார் செய்த நன்மைகளை மறைக்க நாம் விரும்பவில்லை. வயோமிங் ராஜ்யத்தில் கிராண்ட் டீட்டன் மலைச்சாரல் இன்று தேசியப் பூங்காவாக விளங்குவதற்குத் தகப்பனார் ராக்பெல்லர் 33,000 ஏக்கருக்கு மேல் விலைக்கு வாங்கி 1949-ல் நாட்டுக்குக் கொடுத்தது முக்கிய காரணம். ஆனால் அதை வாங்கிய விதம் என்ன? தம் பெயரைச் சொல்லாமல், 1927-ல் ஒரு கம்பெனியை ஏற்படுத்தி அதன் பெயரால் குடியானவர்களிடம் வாங்கினார். பெயர் தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பது அவர் சொன்ன நியாயம். வியாபாரத்தில் அது நியாயமாக இருக்கலாம். உண்மை வெளியானதும் அப்பிரதேசத்து ஜனங்கள் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தார்கள். 1943-ல் அந்நிலத்தைச் சர்க்கார் பாதுகாப்பில் சேர்த்தபோது, கால்நடைக்காரர்கள் ஆயுதங்களுடன் வந்து அனுமதியின்றி மந்தைகளை ஓட்டிச் சென்று எதிர்ப்புக் காட்டினார்கள். நல்ல காரியமே ஆனாலும், ஜனங்களுக்குத் தெரியாமல் செய்யப்பட்டதால் இருபது வருஷம் சண்டைக்கு இடமாயிற்று.

கலை விஷயத்திலும் இப்படியே. தாயார் அப்பி ராக்பெல்லர் 1929-ல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையை ஸ்தாபித்த மூன்று பெண்மணிகளில் ஒருவர். மெக்ஸிகோ தேசத்துச் சித்திரக்காரர் டியகோ ரிவேராவின் படைப்புக்களை அக்காட்சிசாலை 1931-ல் விசேஷமாகக் காட்சிக்கு வைத்தது. பிறகு குடும்பத்தின் ராக்பெல்லர் சென்டர் கட்டடத்தில் ஒரு பெரிய சுவர்ச் சித்திரம் எழுத அவரையே அழைத்தார்கள். அதில் அவர் லெனின் உருவத்தை எழுதினார். அதை எடுத்துவிடும்படி நெல்ஸன் ராக்பெல்லர் கேட்டார், ரிவேரா இணங்கவில்லை. 1933-ல் கூலியை முழுவதும் கொடுத்து அவரை அனுப்பிவிட்டார்கள். 1934-ல் சித்திரத்தை உடைத்தெறிந்தார்கள். சுவர் அவர்களுடையது, சட்டப்படி குற்றமில்லை என்று சொல்லலாம். ஆனால் கலைக்குப் புரவலனென்று பெயரெடுத்தவன் தன் மனசுக்குப் பிடிக்காத கலையை உடைக்கலாமென்றால், அவன் ஆதரிப்பது கலையையா, தன் விருப்பத்தையா?

இந்தச் சரித்திரத்திலிருந்து அக்குடும்பம் ஏதேனும் கற்றுக்கொண்டதா? கற்றுக்கொண்டதென்றே நாம் கருதுகிறோம். பாதி தானாகக் கற்றது. பாதி சட்டம் கற்பித்தது.

சட்டம் கற்பித்ததை முதலில் சொல்வோம். 1969-ல் அமெரிக்கக் காங்கிரஸ் தர்ம ஸ்தாபனங்களுக்குக் கடுமையான விதிகளைச் செய்தது. கொடுத்தவரும் அவர் குடும்பத்தாரும் ஸ்தாபனத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. வருஷந்தோறும் ஒரு குறைந்த அளவாவது தர்மத்திற்குச் செலவிட்டாக வேண்டும். இந்த அளவு இப்போது சொத்து மதிப்பில் 100-க்கு 5. வருஷக் கணக்கையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வரிச் சலுகை பெற்ற பணத்தில் பொதுஜனங்களுக்கும் பாத்தியதை உண்டு என்பதே இச்சட்டத்தின் சாரம். வரியாக வந்திருக்க வேண்டிய பணம் அதில் கலந்திருக்கிறதல்லவா?

குடும்பம் தானாகக் கற்றது இன்னும் கவனிக்கத்தக்கது. சகோதரி அப்பி சபையில் சேர்ந்தார். பிறகு குடும்பத்தைச் சேராத வெளியாரும் தர்மகர்த்தாக்களானார்கள். 1999-ல் கல்பெப்பர் ஸ்தாபனம் என்ற வேறொரு தர்மம் இந்நிதியோடு இணைந்தபோது அதன் பெயரை இவர்கள் அழித்துவிடவில்லை. நிதியின் கலைத் திட்டம் கல்பெப்பர் பெயரைத் தாங்கியே நடந்து வந்திருக்கிறது. ஹட்ஸன் நதிக்கரையில் பாட்டனார் வாழ்ந்த கைக்கட் மாளிகை இன்று தேசியப் பாதுகாப்பு ஸ்தாபனம் ஒன்றுக்குச் சொந்தம். நிர்வாகம் மட்டுமே நிதியின் கையில் இருக்கிறது. 1994 முதல் சாதாரண ஜனங்கள் அதைப் பார்த்து வருகிறார்கள்.

தமிழர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. 1957-ல் பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி ரமோன் மகசேசே விமான விபத்தில் மாண்டார். அவர் நினைவாக ஒரு பரிசை ஏற்படுத்தப் பணம் உதவியவர்கள் இந்நிதியின் தர்மகர்த்தாக்களே. ஆனால் யாருக்குப் பரிசு என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அவர்கள் நியூயார்க்கில் வைத்துக்கொள்ளவில்லை. மணிலாவில் தனி ஸ்தாபனம் அமைந்தது; அந்நாட்டுத் தர்மகர்த்தாக்கள் அதை நடத்துகிறார்கள். 1958-ல் பரிசு தொடங்கிய வருஷமே ஆசார்ய வினோபா பாவே அதைப் பெற்றார். 1971-ல் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதனும், 1974-ல் எம். எஸ். சுப்புலக்ஷ்மியும், 2016-ல் டி. எம். கிருஷ்ணாவும் பெற்றார்கள். பணத்தைக் கொடுத்தபின் கையை எடுத்துக்கொள்ளத் தெரிந்தது இங்கே பெரிய விஷயம்.

யாவற்றிலும் கடினமான சோதனை 2014-ல் வந்தது. பூமியின் உஷ்ணம் ஏறுவதைத் தடுக்கும் வேலைகளுக்கு இந்நிதி பல வருஷங்களாகப் பணம் கொடுத்து வந்தது. அதன் மூலதனத்தில் ஒரு பகுதியோ நிலக்கரியிலும் எண்ணெயிலும் போடப்பட்டிருந்தது. ஒரு கையால் நெருப்பை அணைத்துக்கொண்டு மறு கையால் எண்ணெய் வார்த்த கதைதான். அந்த வருஷம் செப்டம்பரில் தர்மகர்த்தாக்கள் ஒரு தீர்மானத்தை வெளியிட்டார்கள். அப்போது நிதியின் மதிப்பு சுமார் 86 கோடி டாலர். சபைத் தலைவர் அக்குடும்பத்துப் பெண்மணி வலெரி ராக்பெல்லர் வேய்ன். நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றில் போட்ட பணத்தைப் படிப்படியாக எடுத்துவிடுவதென்று அவர்கள் அறிவித்தார்கள். பாட்டனார் எதனால் கோடீசுவரரானாரோ அதை விட்டு விலக, அவர் பேரர்களின் சபையே முடிவு செய்தது. இதனால் வருமானம் கெட்டுவிடவில்லை என்று பின்னர் வெளியிட்ட கணக்கிலும் காட்டினார்கள்.

"இதெல்லாம் பணக்காரர்களின் பெருமை, அவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்?" என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தேர்தலில் நிற்காதவர்கள், எந்தக் காடு பிழைக்க வேண்டும், எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஜனநாயகத்திற்கு முழுவதும் பொருந்தாது. காடும் கலையும் ஜனங்களுடைய பொறுப்பு. சர்க்கார் அதிலிருந்து நழுவுவதற்குச் செல்வர்களின் தர்மம் சாக்காகக் கூடாது. ஆயினும் தர்மம் இருக்கிறவரையில் அதை எப்படி நடத்துவது என்ற கேள்வியும் இருக்கத்தான் செய்யும். "ஒழிக" என்று சொல்லிவிட்டுப் போவதைவிட, "கணக்கைக் காட்டு" என்று கேட்பது பயன் தரும்.

நமது நாட்டிலும் கலைக்கும் இயற்கைக்கும் நிதி வைக்கும் குடும்பங்கள் பெருகியிருக்கின்றன. அவர்களிடம் நாம் கேட்பது மூன்றே விஷயங்கள். தர்மகர்த்தா சபையில் குடும்பத்தாரை எதிர்த்துப் பேசத் துணிந்த வெளியார் இருக்க வேண்டும்; பெயருக்கு உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர்களால் பயனில்லை. ஒரு காட்டைக் காப்பதாக இருந்தால் அக்காட்டில் வாழ்கிறவர்களுக்கும், ஒரு கலையை வளர்ப்பதாக இருந்தால் அக்கலைஞர்களுக்கும் முன்னதாகச் சொல்லி அவர்கள் வார்த்தையைக் கேட்க வேண்டும். தர்மத்தின் நோக்கமும் குடும்பத்தின் வியாபாரமும் முரண்படுகிற நாளில், வியாபாரத்தை விட்டுத் தர்மத்தின் பக்கம் நிற்க வேண்டும்.

முதல் இரண்டையும் சட்டத்தால் ஓரளவு செய்விக்கலாம். மூன்றாவது, தர்மகர்த்தாவின் மனச்சாட்சியைப் பொறுத்தது. அந்த மனச்சாட்சி தூங்காமல் பார்த்துக்கொள்வது பொதுஜனங்களின் வேலை. ஆகவே, திறப்பு விழாக்களில் மாலை போடும்போது, சென்ற வருஷக் கணக்கு எங்கே என்றும் நமது நண்பர்கள் கேட்டுப் பழக வேண்டும்.