கப் இங்கே... கைப்பிடி எங்கே? ப்ளெண்டரில் சுற்றிப் பார்க்கப் பழகலாமா?

ப்ளெண்டர் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்த முதல் நாள் ராத்திரி, ஒரு டீ கப் செய்தேன். நேராகப் பார்த்தால் கைப்பிடி கச்சிதமாக ஒட்டியிருந்தது. சும்மா கொஞ்சம் திருப்பிப் பார்த்தால்... கப் ஓரிடத்தில், கைப்பிடி அதற்குப் பின்னால் அந்தரத்தில்!

2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய 'ஃப்ளோ' இதே இலவச சாஃப்ட்வேரில் உருவானதுதான். நமக்கு மட்டும் ஏன் இப்படி? ஸ்க்ரீன் தட்டையானது. நேர் எதிரே நின்று பார்க்கும்போது, ஒரு பொருள் எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பது தெரியாது. அதனால் மாடலிங்குக்கு முன்பே பழக வேண்டியது, சுற்றிப் பார்ப்பது.

மவுஸின் நடுவில் இருக்கும் வீலை அழுத்திப் பிடித்து இழுத்தால் பார்வை சுற்றும். ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பிடித்தால் பக்கவாட்டிலும் மேலே கீழேயும் நகரும். வீலை உருட்டினால் கிட்டே, தூரே. அவ்ளோதான். ஆனால், இங்கே சுற்றுவது பொருள் இல்லை, நீங்கள்! பிராகாரத்தைச் சுற்றி வருகிற மாதிரி. 'ஆர்' கீயை அழுத்தினால்தான் பொருளே திரும்பும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் பாழாக்கிய மாடல்கள் நிறைய.

கீபோர்டின் வலப்பக்க நம்பர் பேடில் 1 அழுத்தினால் முன்பக்கம், 3 வலப்பக்கம், 7 மேலிருந்து. கன்ட்ரோலோடு அழுத்தினால் அதற்கு எதிர்ப்பக்கம். 5, பார்வையின் வகையை மாற்றும். ஒன்றில் ரயில் தண்டவாளம்போல தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும், இன்னொன்றில் எல்லாம் அதனதன் அளவிலேயே. அளவு பார்த்துப் பொருத்த இரண்டாவதுதான் வசதி.

'எவ்வளவு உருட்டினாலும் கிட்டே போகவே மாட்டேங்குது' என்ற புலம்பலுக்கு வருவோம். பலர் ப்ளெண்டரை மூடிவிட்டுப் போவது இந்த இடத்தில்தான். நம் பார்வை கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைச் சுற்றித்தான் இயங்குகிறது. அதை நெருங்க நெருங்க, ஜூம் எடுத்து வைக்கும் அடியும் சின்னதாகிக்கொண்டே போகும். பொருளை செலக்ட் செய்து, நம்பர் பேடில் உள்ள புள்ளி கீயைத் தட்டுங்கள். அந்த மையம் உங்கள் பொருளுக்கு வந்துவிடும். மொத்தமும் காணாமல் போனால் 'ஹோம்' கீ.

லேப்டாப்பில் நம்பர் பேட் இல்லையா? 'வியூ' மெனுவில் இதெல்லாம் இருக்கிறது. மவுஸும் இல்லையென்றால், 'எடிட்' மெனுவில் பிரிஃபரன்சஸ் போய், இன்புட் பகுதியில் 'எமுலேட் 3 பட்டன் மவுஸ்' என்பதை டிக் செய்யுங்கள். ஆல்ட்டைப் பிடித்தபடி இடது கிளிக்கில் இழுத்தாலே சுற்றும். நானும் ரெண்டு வாரம் அப்படித்தான் ஓட்டினேன். விரல் வலி தாங்காமல் மவுஸ் வாங்கிவிட்டேன்.

அந்தக் கைப்பிடி? 7 அழுத்தி மேலிருந்து பார்த்ததும் இடைவெளி பளிச்செனத் தெரிந்தது. கைப்பிடியை செலக்ட் செய்து 'ஜி', அடுத்து 'ஒய்' தட்டி முன்னால் இழுத்தேன். ஒட்டிக்கொண்டது.