13 அடித் தண்ணீர்

பாத்திரம் துலக்கும் யந்திரத்தை வாங்குவது சுலபம். பணம் இருந்தால் போதும். அதற்கு ஒழுங்காகத் தண்ணீர் கொடுப்பதுதான் பெரிய காரியம். இதை நான் தெரிந்துகொண்ட விதம் என் உத்தியோகத்துக்கு அவ்வளவு கௌரவமானதல்ல.

இருபது வருஷமாக இரவு பத்து மணி வரையில் பாத்திரங்களோடு போராடிய என் மனைவியின் விரல்களில், சென்ற மழைக்காலத்தில் வெடிப்புக் கண்டது. சோப்பு ஜலம் படவே கூடாதென்றார் வைத்தியர். யந்திரம் வந்தது. குழாய்க்காரர் முக்கால் அங்குல மரையில் குழாயைத் திருகிவிட்டுப் போனார். பொத்தானை அழுத்தினோம். சற்று முனகிற்று, பிறகு தண்ணீர் வரவில்லையென்று விளக்கைக் காட்டி நின்றுவிட்டது. யந்திரத்தை விற்றவரை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"அது இருக்கட்டும், மொட்டைமாடித் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தீர்களா?" என்றாள் என் மனைவி.

நாங்கள் குடியிருப்பது மேல்மாடியில். அளந்து பார்த்தேன். தொட்டி நீருக்கும் சமையலறைத் தரைக்கும் இடையே 13 அடி. 10 மீட்டர் உயரமுள்ள தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும் என்று வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறவன் நான்! 13 அடி என்பது 4 மீட்டர், அழுத்தம் 0.4 பார். கைப்புத்தகமோ 0.5 பாராவது வேண்டுமென்றது. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் சிறு பம்பு ஒன்றை வைத்ததும் யந்திரத்துக்கு உயிர் வந்தது. கீழ்வீட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை இராது. அவருக்கு இன்னும் 10 அடி உயரம் இனாமாகக் கிடைக்கிறது.

தண்ணீரைப் பீச்சியடித்தே பாத்திரம் கழுவலாமென்று கண்டு 1886-ல் உரிமை பெற்றவர் ஜோஸஃபின் கோக்ரேன் என்னும் அமெரிக்க மாது. 1893-ல் சிக்காகோ கண்காட்சியில் அவருடைய யந்திரங்கள் வேலை செய்தன. ஆரம்பத்தில் அவற்றை வாங்கியவை பெரும்பாலும் ஹோட்டல்களே.

கழிவுக் குழாய் விஷயத்திலும் கவனம் வேண்டும். அதை மேடையின் அடிமட்டம் வரை உயர்த்தி வளைத்துக் கட்டிய பிறகே சாக்கடைக்கு இறக்க வேண்டும். நுனி அழுக்கு நீரில் மூழ்கவும் கூடாது. இல்லாவிட்டால் கழுநீர் திரும்பி வந்து கழுவிய பாத்திரத்தில் நிற்கும்.

ஆழ்குழாய்க் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து டம்ளர்களில் வெள்ளைப் படலமாகப் படியும். அதைத் தடுக்க யந்திரத்துக்குள்ளேயே ஒரு பிசின் இருக்கிறது. அது சோர்ந்து போகாமலிருக்க அதற்கென விற்கும் பருமனான உப்பை இட வேண்டும். சாப்பாட்டுக்கான தூள் உப்பு உதவாது.

முதல் நாள் இரவு என் மனைவி யந்திரத்தின் எதிரே மணை போட்டு உட்கார்ந்து, ஜலம் சுழலும் சப்தத்தை வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். இருப்புச் சட்டியையும் அலுமினியப் பாத்திரங்களையும் அதற்குள் வைக்கலாகாது. அவை இப்போது என் பங்கு.