கால்குலேட்டர் சொல்லாத கோணம்

நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை எறிகிறீர்கள். அது சமதரையில் 32 மீட்டர் தள்ளி விழ வேண்டும். எந்தக் கோணத்தில் எறிவது? காற்றின் தடையை விட்டுவிடுவோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றே கொள்வோம்.

வேகத்தின் வர்க்கத்தை, எறிகோணத்தின் இருமடங்குக்குரிய சைனால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைத்தள நெடுக்கம் வரும் என்று படித்திருப்பீர்கள். ஆகவே நமக்கு வேண்டிய சைன் 32 × 10 ÷ 400, அதாவது 0.8. இந்தச் சைனுக்கு உரிய கோணம் எது?

கால்குலேட்டரில் ஷிஃப்ட் விசையையும் சைன் விசையையும் அடுத்தடுத்து அழுத்தி 0.8 கொடுங்கள். (பழைய கருவிகள் சிலவற்றில் எண்ணை முதலில் தர வேண்டும்.) 53.13 வர வேண்டும். 0.927 வந்தால் கருவி ரேடியனில் இருக்கிறது, பார்த்தவுடனே தெரிந்துவிடும். 59.03 வந்தால்தான் ஆபத்து! செங்கோணத்தை 100 பங்காக்கும் கிரேடு அளவில் கருவி இருக்கிறது. விடையோ நியாயமானதாகவே தோன்றும். ஒளிவிலகல் செய்முறையில் ஒரு மாணவர் இப்படி ஒரு பிற்பகலையே இழந்ததைக் கண்டிருக்கிறேன். தொடங்குமுன் 1 கொடுத்துப் பாருங்கள். 90 வந்தால் கவலையில்லை.

அவ்விசைக்கு மேலே சைனின் தலையில் சிறியதாக −1 என்றிருக்கும். அதைக் கண்டு 1ஐச் சைனால் வகுப்போர் உண்டு. அது வேறு, இது வேறு. 'எந்தக் கோணத்தின் சைன் இது?' என்று கேட்பதே இக்குறி. 1813இல் இதைப் புகுத்தியவர் ஜான் ஹெர்ஷல். இத்தனை மாணவர்களைக் குழப்பியதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை!

சரி, 53.13இல் பாதி 26.57 பாகை. கணக்கு முடிந்ததா? பந்து செல்லும் வழியின் நட்டநடுவில் 6 மீட்டர் உயரச் சுவர் ஒன்று நிற்பதாகக் கொள்ளுங்கள். 26.57 பாகையில் எறிந்த பந்து 4 மீட்டருக்கு மேல் எழும்பாது, சுவரில் மோதிவிடும். அப்படியானால் எறியவே இயலாதா?

இயலும். 180இலிருந்து 53.13ஐக் கழித்தால் 126.87. இதன் சைனும் 0.8 தான்! இதில் பாதி 63.43 பாகை. இக்கோணத்தில் எறிந்தால் பந்து 16 மீட்டர் உயர்ந்து, சுவரைத் தாண்டி, அதே இடத்தில் வந்து விழும்.

கருவி ஏன் இதைச் சொல்லவில்லை? ஒரே சைனுக்கு எண்ணற்ற கோணங்கள் உண்டு. திரையில் காட்டுவதோ ஒன்றைத்தான். ஆகவே −90 முதல் +90 பாகைக்குள் அமைவதை மட்டும் தருவதென வழக்கம் ஏற்பட்டது. அந்த எல்லைக்குள் ஒவ்வொரு சைனும் ஒரே ஒரு முறைதான் வரும். விரிகோண முக்கோணத்திலும் இதே தொல்லை உண்டு. சுவரைப் பற்றிக் கருவிக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

இனி 32க்குப் பதில் 50 மீட்டர் என்று போடுங்கள். சைன் 1.25 ஆகும். விசையை அழுத்தினால் திரையில் பிழை என்று வரும். பேட்டரியைக் கழற்றிப் பார்க்காதீர்கள். எந்தக் கோணத்தின் சைனும் 1ஐத் தாண்டாது. 45 பாகையில் எறிந்தாலும் இந்த வேகத்தில் பந்து 40 மீட்டர்தான் போகும். 50 மீட்டருக்கு அது போகவே போகாது என்பதைத்தான் கருவி அப்படிச் சொல்கிறது.