உஷார்! ஸ்டாக்ஹோமில் டாக்ஸிக் கதவைத் திறக்கும் முன்...

ஸ்டாக்ஹோம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விமானம் ஏறுங்கள். 14 தீவுகளில் பரந்து கிடக்கும் அழகான ஊர் அது. சத்தம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் 'இந்த ஊர் டாக்ஸியிலா ஏமாற்றிவிடப் போகிறார்கள்' என்று நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு முதல் வண்டியில் ஏறிவிடுகிறார்கள்.

ஏமாற்றவே தேவையில்லை. டாக்ஸிக் கட்டணத்தின் மேலிருந்த கட்டுப்பாட்டை 1990-லேயே ஸ்வீடன் அரசு எடுத்துவிட்டது. அவரவர் வைப்பதுதான் கட்டணம். ஒரே ஸ்டாண்டில், ஒரே மாதிரி மஞ்சள் நம்பர் பிளேட்டோடு நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்றின் மீட்டர் மற்றதைவிட இரண்டு, மூன்று மடங்கு ஏறலாம். விலையை வெளியே தெரியும்படி ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால், அப்புறம் யாரிடம் போய் முறையிடுவது?

பின்கதவுக் கண்ணாடியைப் பாருங்கள். மஞ்சள் நிற ஸ்டிக்கரில் ஓர் எண் பெரிதாக இருக்கும். 10 கிலோமீட்டர் தூரம், 15 நிமிடம் ஓடினால் ஆகும் தொகை அது. 300, 400 குரோனா என்றால் ஏறலாம். 700, 800 என்றால் ஒதுங்கிவிடுங்கள்; ஒரு குரோனாவே பல ரூபாய்! முதலில் நிற்கும் வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

நான் தங்கிய விடுதியில் ஒரு வயதான தமிழ்த் தம்பதி ரசீதை நீட்டிக் காட்டினார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து பழைய நகரமான காம்லா ஸ்டானுக்கு வந்திருக்கிறார்கள். நடந்தால் கால் மணி நேரம். தூரம், நேரம், வரி என்று ரசீதில் ஒரு குறையும் இல்லை; அடியில் 800 குரோனாவுக்கு மேல் தொகை. அந்த அம்மா திரும்பத் திரும்ப அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

ஆர்லாண்டா விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர். அங்கே இதே தவறு நடந்தால் பயணச் செலவுக் கணக்கே கவிழ்ந்துவிடும். ஆர்லாண்டா எக்ஸ்பிரஸ் ரயில் இருபது நிமிடத்தில் சென்ட்ரலில் கொண்டுவந்து விடும். டாக்ஸிதான் வேண்டுமென்றால் மொத்தத் தொகையைப் பேசி முடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்குங்கள்.

கையில் நோட்டு இருக்கிறதே என்றும் இருக்காதீர்கள். பல கடைகளில் ரொக்கம் வாங்குவதே இல்லை. நம் வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்தே இருக்கும். கிளம்பும் முன் ஆப்பில் போய் அதைத் திறந்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்று, இது உயிர் விஷயம். பனி இளகும் நாட்களில் கூரை விளிம்பிலிருந்து பனிக்கட்டி பாளம் பாளமாக விழும். ட்ரோட்னிங்காட்டான் கடைத்தெருவில் 2002-ல் இப்படி விழுந்த கட்டியில் ஒரு சிறுவன் இறந்தே போனான். சுவரோரம் 'ராஸ்ரிஸ்க்' (விழும் அபாயம்) என்று பலகை வைத்திருந்தாலோ, நடைபாதையில் தடுப்பு போட்டிருந்தாலோ உடனே எதிர்ப்பக்கம் மாறிவிடுங்கள். தொங்கும் பனிக்கட்டிக்கு அடியில் குழந்தையை நிறுத்திப் போட்டோ எடுக்கவே எடுக்காதீர்கள்.