பறையோசையை எழுதிக் கொடுக்கும் முன்

ஒடுகத்தூர் சந்தையில் ஆட்டை விற்றால் கயிறு கைமாறும். அத்தோடு கணக்கு முடியும். ஓசையை விற்பது அப்படியல்ல. ஒருமுறை பதிவான பறையை ஆயிரம் பேருக்கு விற்கலாம்.

விளம்பரத்துக்கும் குறும்படத்துக்கும் பின்னணி இசை விற்கும் இணையதளங்கள் சுயாதீனக் கலைஞர்களின் பதிவுகளை வாங்குகின்றன. சாவுக்கு அடித்து அரைக்கூலி வாங்கிய கலைக்கு உரிமைத்தொகை வருவது வரவேற்க வேண்டியதே. ஆனால் 'ராயல்டி ஃப்ரீ' என்றால், ஒருமுறை பணம் கட்டியவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று பொருள். நம் அடியை நாளை சாதிப்பெருமை பேசும் வீடியோவுக்கும் ஒருவர் எடுக்கலாம். அதைத் தடுக்க ஒப்பந்தத்தில் வரி இருக்கிறதா?

2021இல் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்தது. அந்தப் பாடலால் தனக்கோ அறிவுக்கோ தீக்கோ ஒரு பைசாவும் வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். புகழ்பெற்றவர்களுக்கே இந்த நிலை.

சட்டம் நமக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும். நிகழ்த்தியவர் என்று தன் பெயரைக் கோரும் உரிமையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தது.

எனவே தம்பி தங்கைகளே, முழு உரிமையை எழுதிக் கொடுக்காதீர்கள். வேறிடத்திலும் விற்க இடம் தரும் உரிமம் மட்டும் கொடுங்கள். காலம், தொகை, பெயர், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். குழுவில் அடித்த எல்லாரும் சேர்ந்து படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.