சாந்தில்லாக் கல்கட்டு: திருவிழாவில் செய்து காட்டலாமே!

ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டு நிலத்தின் மேல்மண் வரப்பை உடைத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. இட்ட எருவும் அதோடு போகிறது. ஆண்டுதோறும் மண் வரப்பு போட்டு அலுத்தவர்கள் சிமெண்டுச் சுவர் எழுப்ப நினைக்கிறார்கள். செலவு ஒருபுறம் இருக்கட்டும். நீர் வடியத் துளை விடாவிட்டால், சுவரின் பின்னே மழைநீர் தேங்கிச் சுவரையே தள்ளிவிடும். சாந்து இல்லாமல் அடுக்கிய கல்கட்டில் நீர் சந்து வழியே கசிந்து வெளியேறும்; மண் தங்கும்.

கல் சேகரித்தல்

உழும்போது கிடைக்கும் கற்களை நிலத்தின் ஓரமாகக் குவித்து வைக்கவும். போதாவிட்டால் குவாரியில் உடைகல் வாங்கலாம். உருண்டைக் கல் நிற்காது. ஏரிக்கரையில் பதித்துள்ள அலைகல்லைப் பெயர்த்து வரவே கூடாது. அது போனால் கரை அரிக்கும். கரை போனால் ஊர்ப் பாசனமே போகும்.

அடுக்கும் முறை

மூன்று அடி உயரத்துக்கு மேல் அனுபவமில்லாதவர்கள் கட்ட வேண்டாம். கெட்டி மண் தெரியும்வரை ஓர் அடி ஆழம் வாணம் தோண்டவும். அடி அகலம் இரண்டு அடி இருக்கட்டும். பெரிய கற்கள் அடிவரிசைக்கு.

கல்லின் நீளப் பக்கம் சுவருக்கு உள்நோக்கிப் போக வேண்டும். இரண்டு கல் சேரும் இடத்தின்மேல் அடுத்த வரிசைக் கல் உட்கார வேண்டும். சந்துக்கு நேராகச் சந்து வந்தால் கட்டு அங்கேதான் பிளக்கும். வைத்த கல்லைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் பின்புறம் சக்கை கொடுத்து இறுக்குங்கள். நடுவில் உள்ள இடைவெளியைச் சிறு கல்லால் நிரப்ப வேண்டும். மண்ணைப் போட்டால் மழையில் கரைந்து கட்டு இறங்கிவிடும்.

பாதி உயரத்தில், மூன்று அடிக்கு ஒன்றாக, முன்னும் பின்னும் தொடும் நீளக் கல் வையுங்கள். ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அங்குலம் வீதம் சுவர் மேட்டுப் பக்கமாகச் சாய்ந்து ஏற வேண்டும். சுவருக்குப் பின்னே அரை அடிக்குச் சரளை நிரப்பினால் நீர் வடியும். மண் சந்தில் நுழையாது. மேல்வரிசைக்குக் கனமான கல்லே வேண்டும்.

கிணற்றின் உள்கட்டு சரிந்திருந்தால் நீங்களே இறங்காதீர்கள். அது தேர்ந்த ஆட்கள் செய்ய வேண்டிய வேலை.

கண்ணால் கண்டால் கை வரும்

படித்துத் தெரிந்துகொள்வதைவிடப் பார்த்துப் பழகுவதே இவ்வேலைக்கு எளிது. பிரிட்டனில் இதற்கென ஒரு சங்கம் 1968-ல் தொடங்கப்பட்டது. அங்கே விவசாயக் கண்காட்சிகளில் கூட்டத்தின் எதிரிலேயே சுவர் அடுக்கிக் காட்டுவதுண்டு. கிரீஸ், இத்தாலி முதலிய எட்டு நாடுகளின் இக்கலையை 2018-ல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது.

நமக்கும் இடமுண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் சித்திரா பௌர்ணமியன்று வரதராஜப் பெருமாள் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுகிறார். சுற்று வட்டாரமே திரள்கிறது. படியில் நடந்து இறங்கும் அந்தக் கிணறு கல் வேலைக்குப் பேர்போனது. அது உளிபட்ட கல், சிற்பியின் வேலை. வயலுக்கு உளி வேண்டாம். இத்தகைய விழா நாளில், ஊர் ஓரத்தில், வேலை தெரிந்த முதியவர் ஒருவரைக்கொண்டு பத்தடி நீளம் அடுக்கிக் காட்டினால் போதும். இளைஞர்களையும் நாலு கல் வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

சித்திரையில் கற்றதை ஆடிக்குள் வயலில் கட்டி முடித்துவிட்டால், ஐப்பசி மழைக்கு உங்கள் மண் உங்கள் நிலத்திலேயே இருக்கும்.