ஒரு யூனிட் கூட ஏற்றாமல்

வயிற்றுக்குள் சர்ஜன்கள் மிகவும் யோசித்துக் கத்தி வைக்கும் இடம் கல்லீரல். நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் அதன் வழியே பாய்கிறது. அந்தக் கல்லீரலையே மாற்ற வேண்டும், ஆனால் பிறர் ரத்தம் ஒரு யூனிட் கூட ஏறக் கூடாது என்று வந்து நின்றார்கள், யெகோவாவின் சாட்சிகள். 1945 முதல் ரத்தம் ஏற்றுவதை மறுக்கும் பிரிவினர். லாஸ் ஏஞ்சலிஸில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒப்புக்கொண்டார்கள். எட்டுப் பேருக்கு அப்படி மாற்றியதை 2004-இல் வெளியிட்டார்கள். எட்டுப் பேரும் பிழைத்தார்கள்.

சூட்சுமம் ஆபரேஷன் தியேட்டரில் மட்டும் இல்லை. வாரக்கணக்கில் முன்பே இரும்புச்சத்தும் எரித்ரோபொயட்டின் ஊசியும் கொடுத்து ஹீமோகுளோபினை ஏற்றிவிடுகிறார்கள். பரிசோதனைக்குக்கூடக் குழந்தைகளுக்கான சின்னக் குழாயில்தான் ரத்தம் எடுப்பது.

ஆபரேஷன் தொடங்கும்போது நோயாளியின் ரத்தத்தையே கொஞ்சம் பையில் இறக்கி, ஈடாகத் திரவம் ஏற்றுகிறார்கள். பிறகு சிந்துவது நீர்த்த ரத்தம். கெட்டியானது கடைசியில் உடம்புக்கே திரும்புகிறது. உடம்பை விட்டுப் பிரிந்த ரத்தம் ஆகாது என்பதால், பைக்கும் சிரைக்கும் இடையிலான குழாயைக் கழற்றுவதே இல்லை. நம்பிக்கையோடு வாதாடாமல் ஒரு குழாயால் சமாளித்த அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது.

கல்லீரலை வெட்டும்போது அதற்கு ரத்தம் வரும் வழியை இடுக்கியால் அடைப்பது, 1908-இல் கிளாஸ்கோ சர்ஜன் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் எழுதிவைத்த உத்தி. பதினைந்து நிமிடம் அடைப்பு, ஐந்து நிமிடம் திறப்பு என்பது இன்றைய வழக்கம். பாதி வேலை மயக்க மருத்துவருடையது: அவர் சலைனைத் தாராளமாக விட்டால் பெரிய சிரைகள் புடைத்து, வெட்டிய இடமெல்லாம் கசியும்.

எல்லோருக்கும் இது வாய்க்காது. விபத்தில் வருபவருக்குத் தயாராக அவகாசமே கிடையாது. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஐந்து கிராமுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் பத்துக்குக் குறைந்தாலே ரத்தம் ஏற்று என்ற பழைய கணக்கு ஆட்டம் கண்டுவிட்டது. தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் கனடாவில் நடத்தி 1999-இல் வெளியான ஆய்வில், ஏழுக்கு இறங்கும்வரை காத்திருந்ததால் சாவு கூடவில்லை. மத மறுப்பு இல்லாதவருக்கும் இதில் லாபம்தான். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். முதல் நாள் இரவு பார்த்து ஹீமோகுளோபின் ஏழு என்று தெரிந்தால், மருந்து வேலை செய்ய நேரம் ஏது?